மன்னார்ப் பாதை: எழுத்தில் நோயும் முதுமையும்

இலங்கைத் தமிழ் எழுத்தில் மன்னார் இருவேறு வடிவங்களிற் காட்சியளிக்கின்றது. 7ஆம் நூற்றாண்டிற் சம்பந்தரும் அடுத்த நூற்றாண்டிற் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது மாதோட்டம் ஓர் ஊராக இருந்தது. துறையும் சோலையும் பாலாவிக் கரையும் உடைய, மாந்தர் நிலைபெற்று வாழ்ந்த இடமாக அப்பதிகங்கள் அதனைக் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் எழுந்த எழுத்துக்களில் அதே நிலப்பகுதி பெரும்பாலும் ஒரு பாதையாகச் சுருங்கிவிட்டது. கண்டிச்சீமைக்குச் சென்ற தென்னிந்தியத் தொழிலாளர் கால்பதித்த கரை, காடு தொடங்கும் வாயில், வாந்திபேதியும் காய்ச்சலும் காத்திருந்த வழி என்பனவே அதற்குரிய அடைமொழிகளாயின.

இம்மாற்றத்தை வெறும் வருணனை மாற்றமெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஓர் இடம் பாதையாக மட்டும் எழுதப்படும்போது, அங்கு நேரும் சாவு அவ்விடத்தின் இயல்பாகத் தோன்றத் தொடங்குகின்றது. காடு கொன்றது, காற்றுக் கொன்றது, விதி கொன்றது என்று கூறிவிட்டால், கொலைக்குப் பொறுப்பாளி எவருமிலர். மன்னார்ப் பாதை பற்றிய எழுத்துக்களை நீர், பருவம், கடன், வயது என்னும் நான்கினையும் அளவுகோலாகக் கொண்டு மீள வாசிக்கும்போது, இயற்கையின் மேல் ஏற்றப்பட்ட பழியிற் பெரும்பகுதி மனித ஏற்பாடுகளுக்கு உரியதென்பது புலனாகும்.

பாதையும் அதன் பருவமும்

1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கிய இப்பெயர்வு, 1840களிற் பெருவெள்ளமாயிற்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர் தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் போன்ற துறைகளிற் படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தை நடந்தே கடந்தனர்.

மன்னார் வறள் வலயத்தின் வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடும். சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் அருவியாறு குட்டைகளாக அறுபடும், குளங்கள் சேறாகும். இவையாவும் புவியியல் உண்மைகள். ஆனால், இக்கோடையிற் பல்லாயிரவர் அவ்வழியே நடக்க நேர்ந்தமை புவியியல் அன்று. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் கடைசி மாதங்களில் வந்தது. அதற்குமுன் தோட்டத்திற் கைகள் சேர்ந்திருத்தல் வேண்டும். எனவே நடக்கும் பருவத்தை வகுத்தது உலகச் சந்தைக்குரிய ஒரு பயிரின் நாட்காட்டியேயாகும். நீர் அருகும் காலமும் ஆள் பெருகும் காலமும் ஒன்றாயின. ஆடுமாடும் மனிதரும் ஒரே குட்டையிற் குடித்தனர். அக்குட்டையே வாந்திபேதியின் விளைநிலமாயிற்று.

கடன் இதனோடு சேர்ந்தது. கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்பட்டன. வழியில் ஒரு நாள் தங்கினால் அந்நாளின் அரிசியும் கடனிற் சேரும். நோயுற்றவனுக்காகக் கூட்டம் தரிப்பது அனைவர்க்கும் நட்டம். விழுந்தவனை விட்டுச் செல்லும் கொடுமையைக் கங்காணியின் கல்மனத்துக்கு மட்டும் உரியதாகப் பல எழுத்துக்கள் காட்டுகின்றன. கல்மனம் இருந்திருக்கலாம், ஆனால் அக்கல்மனத்துக்கு ஊதியம் கொடுத்த கணக்கேடு ஒன்றும் இருந்தது. அக்கணக்கேட்டின் பிற்கால வடிவமாகிய துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் காலைக் கட்டிய கயிறு அதுவே.

ஆட்சியாளர் எழுத்து

ஆங்கில ஆட்சியாளரும் தோட்டத்துரைமாரும் விட்டுச்சென்ற எழுத்துக்களில், சாவுக்கான காரணங்கள் பெரும்பாலும் இரண்டாகவே அமைகின்றன. ஒன்று, நிலத்தின் நச்சுக்காற்று. மற்றொன்று, கூலிகளின் பழக்கவழக்கம். முதலாவதை அக்கால மருத்துவ அறிவின் எல்லை எனக் கொள்ளலாம். மலேரியா என்ற சொல்லே கெட்ட காற்று என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லினின்றும் வந்தது. நுளம்பே அதனைப் பரப்புவது என்பதை ரொனால்ட் றொஸ் 1897இலேயே நிறுவினார். ஆயினும் அறிவின் எல்லை என்ற சமாதானம் முற்றாகப் பொருந்துவதன்று. 1848இல், மேல் சைலீசியாவிற் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய அரசு அனுப்பிய இளமருத்துவர் றுடோல்ப் விர்ச்சோ, கிருமி பற்றி எதுவும் அறியாமலே அந்நோயின் காரணம் வறுமையும் கல்வியின்மையும் அரசியல் உரிமையின்மையுமே எனத் துணிந்து எழுதினார். 1854இல் இலண்டனில் ஜோன் சினோ, வாந்திபேதி குடிநீரின் வழியே பரவுகின்றதெனத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்துக் காட்டினார். நோயின் சமூக வேரைக் காணும் கண் அக்காலத்தில் இல்லாமலில்லை. மன்னார்ப் பாதையை நோக்கி அது திரும்பவில்லை என்பதே உண்மை.

ஒரு முரண்பாடு ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1869இற் கோப்பி இலையிற் காணப்பட்ட நோய் இலங்கையின் ஏற்றுமதியை அச்சுறுத்தியபோது, அதனை ஆராய்வதற்கென்றே ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர் 1880இல் வரவழைக்கப்பட்டு இரண்டாண்டுகள் ஆய்வு நடத்தினார். செடியின் நோய்க்கு முதல் தேடப்பட்டது. செடியைப் பேண வந்த மனிதனின் நோய்க்கோ அவனுடைய பழக்கமே முதலாகக் கொள்ளப்பட்டது. மருந்து என்னும் அதிகாரத்தில் நோயை மட்டுமன்றி அதன் முதலையும் நாடச் சொன்ன வள்ளுவரின் நெறி, கோப்பிச் செடிக்குக் கிடைத்தது; கூலிக்குக் கிடைக்கவில்லை.

1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம் ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அக்கறை தோட்ட மாவட்டங்களைச் சார்ந்தது. உடல் உற்பத்தியில் ஈடுபடும் இடத்தையே அது முதன்மையாக நோக்கியது. நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய் அச்சம் பரவியபோது வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் தொற்றுத்தடை முகாம்கள் அமைந்தன. இவற்றின் நோக்கம் தொழிலாளியை நோயினின்று காத்தல் என்பதிலும், தீவைத் தொழிலாளியினின்று காத்தல் என்பதே ஆயிற்று. நோயாளியாக நோக்கப்பட வேண்டியவன் நோயாகவே நோக்கப்பட்டான்.

எண்களின் வழக்கு

வரலாற்றாசிரியர்களின் எழுத்து வேறொரு வகையிற் குறையுடையது. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்றொரு கணக்கு அக்காலப் பத்திரிகை விவாதத்தில் எழுந்து, இன்றுவரை மேற்கோளாக வழங்குகின்றது. டொனவன் மொல்ட்றிச் 1989இல் வெளியிட்ட கோப்பித் தொழிலாளர் வரலாறு இத்துயரத்தின் சான்றுகளை ஒருங்கே திரட்டிய பெருமுயற்சியாகும். பிற ஆய்வாளர் சிலர் அவ்வெண் மிகையானது என மறுத்தனர். வந்தோர் தொகையினின்று திரும்பியோர் தொகையைக் கழித்து எஞ்சியோரை இறந்தோராகக் கொள்ளும் முறை பிழைபடுதல் இயல்பே. தோட்டத்தில் தங்கியோரும் பதிவில்லாத துறைகளிற் படகேறித் திரும்பியோரும் அக்கணக்கில் இறந்தோராகிவிடுவர்.

ஆயின் இவ்வழக்கின் இருதரப்பாரும் போதிய அளவு நோக்காத செய்தியொன்று உண்டு. வாந்திபேதி தொற்றியவனைச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் வீழ்த்திவிடும். ஆகவே அச்சாவு பாதையோரத்தில் நிகழ்ந்தது, கண்ணிற் பட்டது. மலேரியாவோ நுளம்பு கடித்து ஏறக்குறைய 10 முதல் 15 நாட்களுக்குப் பின்னரே காய்ச்சலாக வெளிப்படும். மன்னார்க் காட்டிற் கடிபட்டவன் மாத்தளையைத் தாண்டித் தோட்டத்து லயத்திலே விழுந்தான். மலேரியா நிலவும் ஊரிற் பிறந்து வளர்ந்தோர் பெறும் ஓரளவு எதிர்ப்பாற்றலும் புதிதாக வந்த இவர்களுக்கு இல்லை. பாதையின் சாவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, அங்கே மலைக்குளிரின் மேலும் அவனுடைய பலவீனத்தின் மேலும் சுமத்தப்பட்டது. எண் மிகையா குறைவா என்ற கேள்விக்கு முன்னர், எந்தச் சாவு எங்கே எண்ணப்பட்டது என்ற கேள்வி எழுப்பப்படல் வேண்டும்.

பாடலும் புனைவும்

படைப்பிலக்கியத்தின் நிலை யாது? 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்டச் செய்கையைப் போற்றும் நோக்கினது. தொழிலாளியின் உடல் அதில் உழைக்கும் கருவியாகவே தோன்றும். இதற்கு மறுதலையாக விளங்குவன தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இவ்வகையிற் பெறுமதி வாய்ந்தது. ஏட்டில் இடம்பெறாத துயரம் இப்பாடல்களிற் குரல் பெறுகின்றது. ஆயினும் புலம்பலின் மரபு ஊழை விளித்துப் பாடும் மரபாகும். பிரிவைச் சொல்லுந் திறம் அதற்கு மிகுதி. பிரிவுக்கான ஏற்பாட்டைச் சொல்லுந் திறம் குறைவு. இது பாடியோரின் குறையன்று. அப்பாடல்களை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, புலம்பலையே விளக்கமாக்கிவிடும் பிற்கால வாசிப்பின் குறையாகும்.

அதே வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய நெடும்பாடல் ஒருபடி மேற்செல்கின்றது. செடியின் கீழ் நினைவின்றிப் புதைந்தோரைப் பேசும்போது, அச்சாவினாற் செழித்தது எது என்பதையும் அது உடன் காட்டுகின்றது. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி' இன்னொரு வகையில் முக்கியமானது. திருநெல்வேலிக் கிராமத்துப் பெண்ணொருத்தியின் உடலும் வாழ்வும் தேயிலைத் தோட்டத்திற் சிதைவதைக் கூறும் அக்கதையில், நோய் எங்கிருந்தோ வரும் விதியாக இல்லை. தோட்டத்து அதிகாரம் பெண்ணுடலின் மேற் கொண்ட உரிமையே நோயின் வழியாக அமைகின்றது. நோயை உறவுகளின் விளைவாகக் காணும் இப்பார்வை, பாதையைப் பற்றிய எழுத்துக்களில் அருகியே உள்ளது. அங்கே சிறுத்தையும் கரடியும் பாம்பும் முன்வந்து நிற்க, கிணறில்லாத தங்குமடம் பின்னே மறைந்துவிடுகின்றது.

எழுதப்படாத முதுமை

பாதையைப் பற்றிய எழுத்துக்களில் முதியோர் அரிதாகவே காணப்படுவர். இதுவும் தற்செயலானதன்று. தோட்டம் வேண்டியது உழைக்கும் வயதினரையே. கங்காணி தேர்ந்தெடுத்தது இளமையை. முதுமை அக்கரையிற் கிராமத்திலே விடப்பட்டது. ஆகவே இப்பெயர்வு இரு கரைகளிலும் வயதைக் கூறுபோட்டது: ஒரு கரையில் உழைப்போர் இல்லாத முதியோர், மறுகரையில் முதியோர் இல்லாத உழைப்போர். பிள்ளைப்பேறு பார்க்கவும் நோய்க்குப் பத்தியம் வைக்கவும் ஆளற்ற அவ்விரண்டாங் கரையிற் சிசு மரணம் மிகுந்தமை வியப்பன்று.

தோட்டத்திலேயே முதுமை எய்தியோர் நிலை பிறிதொன்று. அங்கே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். பேர் விழுந்தாற் கூலி. செக்றோலிற் பேர் நீங்கினால் லயத்தில் இருப்பதற்கும் உரிமை தளரும். பெயரை இழப்பதே முதுமையின் வரைவிலக்கணமாக அமைந்த ஒரு சமூகம் அது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அதே இழப்பை நாட்டளவில் நிகழ்த்தியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சமமாகப் பிரித்தது. மன்னார்ப் பாதை இப்போது எதிர்த்திசையில் இயங்கியது. தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறியோருள் உழைத்து ஓய்ந்த முதியோர் பலர் இருந்தனர். இளமையைக் கொண்டுவந்த வழி முதுமையைத் திருப்பி அனுப்பும் வழியாயிற்று. அவர்களுட் பலருக்கு 'தாயகம்' என்பது தாம் பிறவாத நாடு. மண்டபம் முகாமும், நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களும் அவர்களது புதிய முகவரிகள். மலையகப் புனைகதை இப்பிரிவைப் பல கதைகளிற் பதிவு செய்துள்ளதாயினும், ஓய்ந்த உடலைப் பேணும் கடன் எந்த அரசுக்கு உரியது என்ற வினாவைவிடப் பிரியாவிடையின் கண்ணீரே அவற்றுள் மேலோங்கி நிற்கின்றது.

பாதை ஊராதல்

இவ்வெழுத்துக்களுக்கெல்லாம் பொதுவான குறை, மன்னாரிலேயே வாழ்ந்தோரைக் காணாமையாகும். தொழிலாளி இரு வாரங்களிற் கடந்த அதே வறட்சியை மாந்தைப் பகுதி உழவர் ஆண்டுதோறும் எதிர்கொண்டனர். கட்டுக்கரைக் குளம் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிற் பாழடைந்தே கிடந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே அதன் சீரமைப்பு மேற்கொள்ளப்பட்டது. பாதையில் நீரில்லை என்பதற்கும் ஊரில் நீரில்லை என்பதற்கும் காரணம் ஒன்றே. தாகத்தால் இணைந்த இவ்விரு மக்களையும் ஒரே சட்டகத்தில் வைத்து நோக்கிய படைப்பு அரிது. எஸ்.ஏ. உதயனின் நாவல்கள் மன்னார்க் கடற்கரை வாழ்வை அதன் சொந்த மொழியில் எழுத முனைந்தமை இவ்வகையில் நம்பிக்கை தரும் திருப்பமாகும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கடந்து சென்றோரையும் தங்கியிருந்தோரையும் இடம் மாற்றி வைத்தது. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் தோட்டங்களை விட்டு வந்த மலையகத் தமிழர் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் குடியேறினர். முன்னோர் நடந்து கடந்த நிலம் பேரர்களுக்கு ஊராயிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் பெயர்ந்தனர். ஊர் அவர்களுக்குப் பாதையாயிற்று. போர்க்காலத்தில் இராமேசுவரத்துக்குப் படகேறியோரும், பொருளாதார நெருக்கடியினால் 2022 மார்ச்சு தொடக்கம் மீண்டும் அரிச்சல்முனை மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டோரும் அதே நீரிணையைக் கடந்தவர்களே. இவ்வொவ்வோர் அலையிலும் நோயுற்றோரும் முதியோரும் பின்தங்கினர், அல்லது வழியில் நலிந்தனர்.

நோயின் வரலாறும் இன்னும் முடிவுறவில்லை. உள்நாட்டில் தொற்றும் மலேரியாவை 2012இன் பின் காணாத இலங்கை, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்னும் நுளம்பு மன்னார்த் தீவின் கிணறுகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்நுளம்பு காட்டுக் குட்டையை நாடுவதன்று. கிணற்றிலும் தொட்டியிலும், அதாவது மனிதன் நீரைத் தேக்கிய இடங்களிற் பெருகுவது. குழாய்நீர் எங்கே எட்டவில்லை, எந்தக் கிணறு ஏன் கைவிடப்பட்டது, எந்த வீட்டார் எப்போது வெளியேறினர் என்ற வினாக்களைத் தவிர்த்துவிட்டு இந்நுளம்பின் இருப்பிடத்தை விளக்க முயல்வது, நச்சுக்காற்றுக் கோட்பாட்டுக்கே திரும்புவதாகும்.

2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்த நடைபயணம், மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை அவ்வழியிலேயே நினைவுகூர்ந்தது. பெயரின்றி மாண்டோருக்கு அது செய்த மரியாதை பெரிது. அந்நினைவு நிலைபெற வேண்டுமாயின், எழுத்தும் அதனோடு நடத்தல் வேண்டும். மன்னாரைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் குறித்துவிட்டு மலைக்கு விரையும் எழுத்து, தோட்டத்து நாட்காட்டியின் அவசரத்தையே தானறியாமற் பின்பற்றுகின்றது. அங்கே தரித்து, யார் எந்தக் கிணற்றில் நீரருந்தினர், எந்தப் பருவத்தில் யாருக்காக நடந்தனர், யார் முதுமையெய்த அனுமதிக்கப்பட்டனர் என்று கேட்கும் எழுத்தே, மாண்டோருக்கு ஒப்பாரியோடு நீதியையும் வழங்கவல்லது.